குவாதலூப் தீவில் இருவருக்கு எட்டு நாள்: மலை, கடல், ஆறு – முழுமையான வழிகாட்டி

கரீபியத் தேனிலவு என்றதும் பயண முகவர்கள் எடுத்து நீட்டும் படம் ஒன்றுதான்: வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, இரண்டு நாற்காலி. குவாதலூப்பிலும் அந்த மணல் உண்டு, தென்னையும் உண்டு. ஆனால் அந்த நாற்காலியிலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், புகையும் எரிமலையையும் மழைக்காட்டையும் ஆமைகள் மேயும் கடலையும் பார்க்காமலே விமானம் ஏறுகிறார்கள். பணம் செலவழித்து இவ்வளவு தொலைவு வருகிற தம்பதிக்கு அது நஷ்டம்தான்.

வரைபடத்தில் குவாதலூப் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சியாகத் தெரியும். கிழக்கு இறக்கையின் பெயர் கிராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறையால் ஆன தட்டை நிலம், கரும்புக் காடு, வெளிர் மணல், ஓட்டல்கள். மேற்கு இறக்கை பாஸ்-தேர்: எரிமலைத் தொடர், அடர்ந்த காடு, அருவிகள், கருமணல் கரைகள். நடுவில் ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாய். அதைப் பாலத்தில் கடந்துவிடலாம். சுற்றிலும் லே சேந்த், மாரி-கலாந்த், தெசிராத் என்று சின்னத் தீவுகள். எல்லாம் சேர்த்தே சுமார் 1,600 சதுர கிலோமீட்டர்தான்.

இந்த ஊரில் திட்டம் போடுவது நீங்கள் அல்ல, காற்று. ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. அதனால் கிழக்குக் கரையில் அலை உயரம், மேற்குக் கரையில் கடல் அமைதி. அதே காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதுவதால், காலையில் தெளிவாக நிற்கும் சிகரம் பத்து மணிக்குள் மேகத்தில் மறைந்துவிடுகிறது. எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதிலேயே விடை இருக்கிறது. கீழே உள்ள வரிசையும் அதை வைத்துப் போட்டதுதான்.

படி 1: தாள்களும் பருவமும்

குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோ செல்லும், பிரெஞ்சுச் சட்டம் செல்லும். ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எல்லைக்குள் அது வராது. பலர் சறுக்கும் இடம் இதுதான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பாரிஸ் போக வாங்கிய சாதாரண ஷெங்கன் விசாவை மட்டும் காட்டி இங்கே இறங்க முடியாது. விண்ணப்பத்திலேயே கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதி என்று குறிப்பிட்டு அதற்கான விசாவைக் கேட்க வேண்டும். பாரிஸ் வழியாகப் போய்ப் பாரிஸ் வழியாகத் திரும்புவதென்றால், குவாதலூப் போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகக் கணக்கு. திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே பலமுறை நுழைவதற்கான ஷெங்கன் விசாவும் தேவை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கும், பிரான்சில் குடியுரிமை பெற்றுவிட்ட ஈழத்தமிழர்களுக்கும் இந்தத் தலைவலி கிடையாது. உள்நாட்டுப் பயணம்போலப் போய் வரலாம்.

பாரிஸிலிருந்து விமானத்தில் எட்டரை மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து வரும் விமானம் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, குவாதலூப் விமானம் இன்னொன்றிலிருந்து கிளம்பக்கூடும். ஊரைக் கடந்து போக நேரம் வைத்து டிக்கெட் எடுங்கள், அல்லது ஓர் இரவு பாரிஸில் தங்கிவிடுங்கள். இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும் தீவு என்பதால், முதல் இரண்டு மூன்று நாள் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதை நொந்துகொள்ள வேண்டாம். மலையேற அதுவே வசதி.

டிசம்பர் முதல் மே வரை வறண்ட காலம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் பிப்ரவரியிலும் விலை ஏறிவிடும். அதனால் மார்ச் நடுவிலிருந்து மே வரை என்பதே என் தேர்வு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதிலும் செப்டம்பர் மோசம். 1989 செப்டம்பரில் வந்த ஹூகோ புயலைப் பற்றி இங்கே இன்றும் பேசுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த மாதத்தில் தேனிலவு வைக்காதீர்கள்.

படி 2: இரண்டு வீடு, ஒரு கார்

ஒரே இடத்தில் எட்டு இரவும் தங்குவது வேண்டாம். முதல் ஐந்து இரவு பாஸ்-தேரின் மேற்குக் கரையில், தெயே என்ற ஊருக்கும் பூயாந்த் என்ற ஊருக்கும் இடையே எங்காவது. கடைசி மூன்று இரவு கிராந்த்-தேரில், சேந்த் ஆன் அல்லது சேன் ஃபிரான்சுவாவில். உடம்பில் வலு இருக்கும்போதே மலையும் ஆறும் முடிந்துவிட வேண்டும். நாற்காலியும் தென்னையும் கடைசியில் வரட்டும். மலைக்காக ஒதுக்கிய நாளில் மழை கொட்டினால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கவும் இந்த ஐந்து இரவு இடம் கொடுக்கும்.

ஓட்டலைவிட, சமையலறையோடு வாடகைக்கு விடும் சின்ன வீடுகள்தான் இருவருக்கு ஏற்றவை. பிரெஞ்சுக்காரர்கள் 'ஜீத்' என்பார்கள். தோட்டத்து நடுவே மர வீடு, திண்ணையில் ஊஞ்சல் கட்டில், வாசலில் மாமரம் என்று பலவகை கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, அவசியம். தீவில் குழாய்த் தண்ணீர் அவ்வப்போது நின்றுபோவது நெடுநாள் பிரச்சினை. பதிவு செய்யுமுன் வீட்டில் தனியாகத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் கேள்வியை உடனே புரிந்துகொள்வார்.

கார் இல்லாமல் இந்தத் திட்டம் நடக்காது. பஸ் உண்டு, ஆனால் மலையடிவாரத்துக்கு விடியற்காலை கொண்டுபோய் விடாது. ஞாயிற்றுக்கிழமை தேடினாலும் கிடைப்பது அரிது. வாகனம் சாலையின் வலப்பக்கம் ஓடும். சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். மேற்குக் கரைச் சாலை முழுக்க வளைவும் ஏற்றமும்தான். சின்ன கார் போதும், ஆனால் இழுவைத் திறன் வேண்டும். புவாந்த்-ஆ-பித்ர் நகரைச் சுற்றிக் காலையிலும் மாலையிலும் நெரிசல் கடுமை. கடற்கரையில் நிறுத்தும்போது காருக்குள் எதையும் வைக்கக் கூடாது, பையின் ஓரம்கூட வெளியே தெரியக் கூடாது.

படி 3: முதல் நாளை வீணாக்குங்கள்

இறங்கிய மறுநாள் எங்கும் ஓட வேண்டாம். தெயே ஊருக்கு அருகில் கிராந்த் ஆன்ஸ் என்ற நீண்ட கடற்கரை இருக்கிறது; பொன்னிற மணல், பின்னால் பச்சைக் குன்று. காலை அங்கே, வெயில் ஏறியதும் பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்கா, மறுபடி மாலையில் கடற்கரை. பூங்கா இருக்கும் நிலம் முன்பு கொலூஷ் என்ற பிரெஞ்சு நகைச்சுவை நடிகருக்குச் சொந்தமாக இருந்தது. ஆல், அல்லி, ஃபிளமிங்கோ, வண்ணக் கிளிகள் என்று நிதானமாகச் சுற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும். மேற்குக் கரை பொதுவாக அமைதி என்றேன்; விலக்கும் உண்டு. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் புயல் அடித்தால் அதன் அலை இந்தக் கரைவரை வந்து சாத்தும். கரையிலேயே அலை உடைந்து ஆளைப் புரட்டுகிறது என்றால் அன்று கால் நனைப்பதோடு சரி.

கடற்கரையில் ஒரு மரத்தை முதல் நாளே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். மான்ஷினீல் என்று பெயர். பளபளக்கும் பச்சை இலை, நல்ல நிழல், சின்ன ஆப்பிள்போல வாசனையான காய். காய் நஞ்சு. இலையை ஒடித்தால் வடியும் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும். மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினால், இலை வழியே சொட்டும் தண்ணீரே போதும். பல கரைகளில் இதன் அடிமரத்தைச் சுற்றிச் சிவப்பு வண்ணப் பட்டை அடித்திருப்பார்கள். பட்டை இல்லாத மரமும் உண்டு என்பதால், பெயர் தெரியாத மரத்தடியில் துண்டு விரிக்காதிருப்பது நல்லது. தென்னையடியில் படுத்தால் மேலே ஒருமுறை பாருங்கள். அதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலையில் மர வாளியோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். வாளிக்குள் உப்புக் கலந்த ஐஸ், அதன் நடுவே ஓர் உலோகக் குடுவை, அதற்குள் தேங்காய்ப் பால், சர்க்கரை, இலவங்கப்பட்டை, சாதிக்காய். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதை உறைய வைத்துக் காகிதக் கோப்பையில் கொடுப்பார். சுற்றுகிற கை நிற்காது, பேச்சும் நிற்காது. இருவருக்கு ஒரு கோப்பை என்று சிக்கனம் பார்க்காமல் ஆளுக்கொன்று வாங்குங்கள்.

ஒரு நாகரிகம்: கடைக்குள் நுழைந்தாலும், பேக்கரி வரிசையில் நின்றாலும், வழி கேட்டாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். நேரே விஷயத்துக்கு வந்தால் முகம் சுருங்கிவிடும். நீச்சலுடையோடு ஊருக்குள் நடப்பதையும் இங்கே மதிப்பதில்லை. பேச்சு பிரெஞ்சும், அதிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோலும்; ஆங்கிலம் எல்லா இடத்திலும் எடுபடாது.

படி 4: மலாந்தூரில் ஆமைகளோடு ஒரு காலை

பூயாந்த் ஊரை ஒட்டிய மலாந்தூர் கடற்கரை பார்வைக்குச் சுமார்தான்: சாம்பல் கலந்த கருமணல், நிறையப் படகு, நெருக்கமான கார் நிறுத்தம். முகமூடியை மாட்டித் தண்ணீருக்குள் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடற்புல் வளர்ந்திருக்கிறது. அதை மேய வரும் பச்சை ஆமைகளை, நீந்தத் தெரிந்த யாரும் காலையில் பார்த்துவிடலாம். எட்டு மணிக்குள் போங்கள். பிறகு சுற்றுலாப் படகுகள் வந்துவிடும்.

ஆமை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கும். அந்த மூச்சுக்கு வழிவிடுவதே இங்கே முக்கியமான ஒழுங்கு. நேர் மேலே மிதக்காதீர்கள், பின்னால் துரத்தாதீர்கள், தொடவே கூடாது. பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி அசையாமல் கிடந்தால் அது உங்களைப் பொருட்படுத்தாமல் புல்லைக் கிழித்துத் தின்றுகொண்டிருக்கும். ஓட்டின் மேல் ஒட்டிப் பயணம் செய்யும் ரெமோரா மீனையும் அப்போது காணலாம்.

எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் பிஜோன் என்ற இரண்டு குட்டித் தீவுகள். அவற்றைச் சுற்றிய கடல், ஆழ்கடல் ஆய்வாளர் ழாக் குஸ்தோவின் பெயரால் அறியப்படுகிறது. இப்போது தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருப்பதால் மீன்பிடிக்கத் தடை. பவளமும் குழாய்க் கடற்பஞ்சும் கிளிமீன் கூட்டங்களும் மேலோட்டமான ஆழத்திலேயே தெரியும். போக மூன்று வழி: அடியில் கண்ணாடி பதித்த படகு, ஸ்கூபா குழுக்களின் படகு, இருவர் துடுப்புப் போடும் இரட்டைக் கயாக். நீச்சல் தெரியாதவருக்குக் கண்ணாடிப் படகு. ஒருவர் மட்டும் ஸ்கூபா விரும்பினால், அதே படகில் மற்றவர் மேலே முகமூடியோடு மிதக்க முடியுமா என்று கேளுங்கள். பல குழுக்கள் ஒப்புக்கொள்ளும்.

இரட்டைக் கயாக் பற்றி ஒரு வார்த்தை. திசை திருப்பும் வேலை பின்னால் இருப்பவருடையது. பழக்கமும் வலுவும் உள்ளவர் அங்கே உட்கார வேண்டும். தாளம் போடுவது முன்னால் இருப்பவர். இந்தப் பொறுப்பைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். நடுக்கடலில் 'நீ ஒழுங்காகத் துடுப்புப் போடு' என்று ஆரம்பித்தால், அந்த ஒரு கிலோமீட்டர் மிக நீளமாகிவிடும். போகும்போது கரைக்காற்று பின்னிருந்து தள்ளும். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வர வேண்டும். தெம்பில் பாதிக்கு மேல் திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் மே வரை வந்திருந்தால் இந்தக் கரையிலிருந்தே திமிங்கிலம் பார்க்கப் படகு போகும். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈன இந்தக் கடலுக்கு வருகின்றன. 2010 முதல் பிரெஞ்சு அண்டிலீசை, அதாவது கரீபியத்திலுள்ள பிரெஞ்சுத் தீவுகளை, சுற்றிய கடல் முழுவதும் கடற்பாலூட்டிகளுக்கான காப்பகம்.

படி 5: சூஃப்ரியேர்

இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1,467 மீட்டர், கரீபியத்தின் கிழக்கு ஓரத் தீவுச் சரமான சிறிய அண்டிலீசின் மிக உயரமான சிகரம். உயிருள்ள எரிமலை. 1976இல் அது குமுறியபோது 70,000க்கும் மேற்பட்ட மக்கள் மாதக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். இப்போதும் அதன் உச்சியிலிருந்து கந்தகப் புகை வருகிறது. ஆய்வகம் ஒன்று இரவும் பகலும் கண்காணிக்கிறது. எச்சரிக்கை நிலை 1999 முதலே மஞ்சளில்தான் இருக்கிறது. மலையேற அதனால் தடை இல்லை. ஆனால் நச்சு வாயு வரும் உச்சிப் பகுதிகளில் கயிறு கட்டி மூடியிருப்பார்கள். நல்ல படம் கிடைக்கும் என்று அந்தக் கயிற்றைத் தாண்டுகிறவர்களைப் பார்க்கலாம். நீங்கள் தாண்டாதீர்கள்.

எந்த நாள் போவது? மேற்குக் கரையில் தங்கியிருக்கும் நாட்களில் முதலில் வரும் தெளிந்த விடியல் எதுவோ, அந்த நாள். முந்தின இரவே பையைக் கட்டி வைத்துவிட்டு, காலையில் பிரெஞ்சு வானிலைத் துறையின் எச்சரிக்கை வண்ணத்தைப் பாருங்கள். பச்சை என்றால் கிளம்பலாம். மஞ்சள் என்றால் எதற்காக என்று படியுங்கள். காற்றோ மழையோ காரணமாக இருந்தால் கடலுக்கோ பூங்காவுக்கோ திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஆரஞ்சு என்றால் மலையும் வேண்டாம், ஆறும் வேண்டாம்.

மேற்கு இறக்கையின் பெயரையே கொண்ட பாஸ்-தேர் நகரிலிருந்து சேன் குளோத் வழியாகச் சாலை ஏறும். பேன் ஜோன் என்ற இடத்தில், சுமார் 950 மீட்டர் உயரத்தில் சாலை முடிகிறது. ஆறு ஆறரைக்குள் அங்கே இருங்கள். நிறுத்த இடமும் கிடைக்கும், சிகரமும் தெரியும். முதல் பகுதி காட்டுக்குள் கல் பாவிய பழைய பாதை. மரங்களில் பாசி தொங்கும், பெரணி தலைக்கு மேல் வளர்ந்திருக்கும். அரை மணி நேரத்தில் காடு சட்டென்று முடிந்து சவான் ஆ மூலே என்ற திறந்த வெளி வரும். அதற்கு மேல் மரம் கிடையாது.

இங்கே நின்று இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். இதுவரை வந்தது நடை, இனிமேல் ஏற்றம். ஒருவருக்கு மூச்சு முட்டுகிறதென்றாலோ மேகம் மூடுகிறதென்றாலோ திரும்பிவிடலாம். இந்த வெளியிலிருந்தே கரீபியக் கடல் தெரியும். மற்றவரைக் கட்டாயப்படுத்தி இழுத்துப்போகும் மலை அல்ல இது. 'நீ இரு, நான் போய் வருகிறேன்' என்று பிரிவதும் சரியல்ல. மேகம் இறங்கினால் பத்தடியில் இருப்பவர் தெரியமாட்டார்.

தொடர்ந்தால், பாதை எரிமலையின் மேற்குத் தோளைச் சுற்றி வளைந்து ஏறும். பாறைகளில் சிவப்புப் பூ விடும் மலை அன்னாசிச் செடிகள், ஈரப் பாசி மெத்தை, நிலம் பிளந்த பெரிய வெடிப்புகள். கடைசி ஏற்றத்தில் கையும் வேலை செய்ய வேண்டும். மேலே காற்று ஆளைத் தள்ளும், அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும், புகைவாய்கள் நீராவி என்ஜின்போல இரையும். வானம் இடம் கொடுத்தால் லே சேந்த் தீவுகளும் அதற்கப்பால் டொமினிக்காவும் தெரியும்.

உச்சியில் ஆண்டுக்கு 10 மீட்டர் வரை மழை பெய்கிறது. வெப்பமண்டலத் தீவுதானே என்று பனியனோடு போய் நடுங்குகிறவர்கள் நாள்தோறும் உண்டு. ஆளுக்கொரு மழைச்சட்டை, உள்ளே போடக் கம்பளியாலான ஒன்று, பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், காரில் மாற்றுத் துணி. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உச்சிக்குப் போகக் கூடாது. போய்த் திரும்ப மூன்றரை முதல் நான்கு மணி நேரம் வையுங்கள்.

இறங்கியதும் வண்டி நிறுத்தத்துக்கு அருகிலேயே, பாதை தொடங்கும் இடத்தில், எரிமலை சூடாக்கிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அலுத்த காலுக்கு அமிர்தம். கழுத்துவரை உட்காரலாம், தலையை மட்டும் முக்கக் கூடாது, மூக்கில் தண்ணீர் ஏறக் கூடாது. தீவின் வெந்நீர் ஊற்றுகளில் மூளையைத் தாக்கும் ஓர் அமீபா இருப்பதுண்டு; 2008இல் அதனால் ஒரு குழந்தை இறந்தது. இந்த எச்சரிக்கை வெந்நீர் ஊற்று ஒவ்வொன்றுக்கும் பொருந்தும்.

படி 6: அருவியும் ஆறும், வழியில் ஒரு மாரியம்மன் கோயிலும்

மலையேறிய மறுநாள் கால் வலிக்கும். கார்பே அருவிக்கு அந்த நாள்தான் சரி. மூன்று அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர்; வண்டி நிறுத்தத்திலிருந்து காட்டுப் பாதையில் அரை மணி நேரத்தில் பார்வை மேடை வந்துவிடும். 1493இல் கொலம்பஸ் கப்பலிலிருந்தே இந்த அருவிகளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இங்கும் காலையே நல்லது.

இந்த அருவிக்குக் காப்ஸ்தேர்-பெல்-ஓ ஊர் வழியாகப் போவீர்கள். ஊரை ஒட்டி ஷான்ஜி என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரமாகவே வண்ணச் சிலைகள் நிறைந்த கோயில் ஒன்று நிற்கிறது. 1854 டிசம்பர் 25 அன்று ஓரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களைப் புவாந்த்-ஆ-பித்ரில் இறக்கியது. அடிமை முறை 1848இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1889 வரை 40,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள். அவர்கள் கொண்டுவந்த மாரியம்மன் இங்கே 'மலியேமேன்' ஆகியிருக்கிறாள். மதுரை வீரனும் கூட வந்திருக்கிறான். மொழி பேச்சிலிருந்து போய்விட்டது, பெயர்கள் போகவில்லை. கடைப் பலகையில், தபால் பெட்டியில் ராமசாமி, முத்துசாமி என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் படித்துக்கொண்டே வண்டி ஓட்டலாம். இந்த வழிவந்தவர்களின் குடியுரிமைக்காகப் பல ஆண்டு வழக்காடிய ஹென்றி சிதம்பரம் இதே காப்ஸ்தேர்க்காரர். கோயில் இன்றும் வழிபாட்டில் இருப்பது. செருப்பைக் கழற்றி, அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் பேச்சு நீளும்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொலம்போ கேளுங்கள். மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடியில் செய்த ஆட்டுக்கறி அல்லது கோழிக் குழம்பு. தீவு முழுக்க எல்லோருக்கும் பொதுவான உணவு. காரம் நம் நாக்குக்குக் குறைவு. தனியாக வரும் மிளகாய்ச் சட்டினியைச் சின்ன மிளகாய்தானே என்று அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். சாலையோரத்தில் எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து கறியோ முட்டையோ வைத்துத் தரும் பொக்கித், இரவுச் சாப்பாட்டுக்குப் போதும்.

கிழக்கும் மேற்கும் போக மலைக்கு நடுவே காட்டுச் சாலை ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்திலுள்ள எக்ரவீஸ் அருவிக்குச் சில நிமிட நடை போதும்; அதனாலேயே கூட்டம். வேறு ஆற்றில் இறங்கிக் குளிப்பதானால் ஒன்றை மனதில் வையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று பழுப்பாவது, காய்ந்த இலையும் குச்சியும் மிதந்து வருவது, ஆற்றின் சத்தம் மாறுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் தேடாமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். ஆற்று நீரைக் குடிக்கவும் வேண்டாம். எலிக் காய்ச்சல் உண்டு. வாழைத் தோட்டங்களில் 1993 வரை தெளித்த குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி மண்ணிலும் நீரிலும் இன்னும் கிடக்கிறது.

படி 7: லே சேந்த், ஒரு நாள்

த்ருவா ரிவியேர் துறைமுகத்திலிருந்து லே சேந்த் கூட்டத்திலுள்ள தேர்-தெ-ஓ தீவுக்குப் படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நடுக்கால்வாயில் நன்றாக ஆட்டும். வாந்தி வருகிறவர் மாத்திரையைக் கிளம்புமுன்பே போட்டுக்கொண்டு பின்பக்கம் உட்காரட்டும். முதல் படகில் போங்கள். நெப்போலியன் கோட்டை காலையில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் அதுதான் முதல் வேலை. கோட்டைச் சுவரிலிருந்து பார்க்கும் வளைகுடா, இந்தத் தீவுக் கூட்டத்திலேயே அழகான காட்சி. 1782இல் பிரெஞ்சுக் கப்பற்படையை ஆங்கிலேயர் தோற்கடித்த கடலும் இதுதான்.

பிறகு போம்பியேர் கடற்கரை: வாய் குறுகிய வளைகுடா, அலை இல்லாத நீர், உங்கள் வாழைப்பழத்துக்குப் பங்கு கேட்டு வரும் ஆடுகள். படகுத்துறையில் பெண்கள் கூடையில் விற்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த சின்னக் கேக்கைச் சூடாக வாங்குங்கள். மின்வண்டி, ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். நடந்தே சுற்றலாம் என்பது என் கட்சி. கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். இரவு தங்கினால் இன்னும் நல்லது: பகல் கூட்டம் போனபின் ஊர் உள்ளூர்க்காரர்களுடையதாகிவிடும்.

படி 8: கிழக்கு இறக்கை

இப்போது மணலுக்கு வரலாம். சேந்த் ஆன் கரையில் வெளியே பவளப்பாறை அலையைத் தடுப்பதால் உள்ளே குளம்போலத் தண்ணீர். நீச்சல் கற்றுக்கொள்ளும் இணைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. 2011க்குப் பிறகு சில மாதங்களில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி மூட்டை மூட்டையாகக் கிழக்கு, தெற்குக் கரைகளில் ஒதுங்குகிறது; அழுகினால் வாடை தாங்காது. அப்படியானால் மேற்குக் கரைக்கே திரும்பி ஓட்டுங்கள், வழக்காடிப் பயனில்லை.

விடியலுக்கு ஒரு நாள் புவாந்த் தே ஷாத்தோ முனை. தீவின் கிழக்கு நுனி. குன்றின்மேல் பெரிய சிலுவை, எதிரே தெசிராத் தீவு, இருபுறமும் கொந்தளிப்பு. ஏறக் கால் மணி நேரம். அங்கே நீந்தக் கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும். பக்கத்திலேயே தாரார் என்ற அழகான ஒதுக்குக் கரை. அது ஆடையின்றிக் குளிப்போருக்கானது. தெரியாமல் நுழைந்து தர்மசங்கடப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மற்றபடி உங்கள் விருப்பம்.

இரண்டாம் நாளுக்கு இரண்டு தேர்வு. சேன் ஃபிரான்சுவாவிலிருந்து கட்டமரன் படகில் பெத்தித்-தேர் காப்பகம்: ஆள் குடியில்லாத இரண்டு திட்டுகள், பழைய கலங்கரை விளக்கம், உடும்புபோன்ற இகுவானாக்கள், கரையோரம் சுற்றும் எலுமிச்சைச் சுறாக் குட்டிகள். ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, முன்பதிவு அவசியம். போகும்போது காற்றை எதிர்த்துப் போவதால் படகு குதிக்கும். அலை ஒத்துக்கொள்ளாதவருக்கு வியூ-பூர் கிராமத்திலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக். வடக்கே உள்ள அந்தப் பெரிய காயல் 1992 முதல் உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. காலையில் காற்று எழுமுன் தண்ணீர் கண்ணாடி. வேர்களுக்கு நடுவே நண்டு, மேலே கப்பற்பறவை. இரண்டில் ஒன்று என்றால் நான் காயலுக்கே போவேன். இருவர் பேசிக்கொண்டு போக அதுவே தோது.

மாரி-கலாந்த் தீவை இந்த எட்டு நாளுக்குள் திணிக்க வேண்டாம். கரும்பு, காற்றாலை, மாட்டு வண்டி, ரம் ஆலை என்று அது தனியாக இரண்டு நாள் கேட்கும் ஊர். ரம் சுவைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கத்திய ரம் 59 விழுக்காடு, வண்டி ஓட்டுபவருக்கு அது இல்லை.

படி 9: கடைசிப் பகல்

பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் மாலையில் கிளம்புகின்றன. எனவே ஒரு பகல் மிச்சம். பெட்டிகள் காரில் இருக்கும்போது கடற்கரைக்குப் போகாதீர்கள். புவாந்த்-ஆ-பித்ரில் பழைய தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறந்த மெமோரியல் அக்த் அருங்காட்சியகம் அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்கிறது. திறந்திருக்கும் நாளா என்று முன்பே பாருங்கள். இரண்டு மணி நேரம் வேண்டும். பிறகு நகரச் சந்தையில் கொலம்போ பொடி, இலவங்கப்பட்டை, வெனிலா. பேரம் மெல்லப் பேசலாம். பொடியை இரட்டைப் பையில் கட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

அவசரத்துக்கு 112, கடலில் ஆபத்தென்றால் 196. வாடகைக் காரை ஒப்படைக்குமுன் எண்ணெய் நிரப்பி, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் நகரை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் மாலை நான்கு மணிக்கு மேல் அந்தச் சாலையை நம்பக் கூடாது. மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.